அறளையும் அரசும்

முதுமையில் நினைவு பிறழ்ந்தாரை ‘அறளை பெயர்ந்தவர்’ எனக் கூறி நாம் ஒதுங்கிவிடுகிறோம். அரசுக்கோ இச்சொல் பெருவசதி. நோயன்று என்றால் சிகிச்சைச் செலவும் இல்லையன்றோ! 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, மருத்துவமாதரைக் கருவுற்ற தாயின் வீட்டுக்கே அனுப்பியது. அதே காலத்தில் எழுந்த அங்கொடை மனநோய் மருத்துவமனையோ நோயாளரை மதிலுக்குள் அடைத்தது. 2005 இன் தேசிய மனநலக் கொள்கை மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவை வாக்களித்தது, நன்று. ஆயினும் மறதிநோயாளியின் துயர் மருத்துவமனைக் கட்டிலில் தீர்வதன்று. அவரைக் குளிப்பாட்டி, இரவெல்லாம் விழித்துக் காக்கும் மகளுக்கு வாரத்தில் ஒரு பகலேனும் ஓய்வு தரும் பராமரிப்பு நிலையமும், வீடு தேடிவரும் தாதியும் வேண்டும். பிறப்புக்கு வாசல்வரை வந்த அரசு முதுமைக்கு ஏன் வரலாகாது? பிள்ளைகள் புலம்பெயர்ந்த வீடுகளில் அந்த மகளும் இல்லை.