விசையும் ஆற்றலும்

விசை எதுவும் தாக்காத பொருளுக்கு ஆற்றல் இருத்தல் கூடுமா? மாணவர் வினவினால் நம்மிற் பலர் 'கூடாது' என்றே விடையிறுப்பர். அவ்விடை தவறு. அதற்குக் காரணம் நமது சொல்லாட்சியே என்பது மொழிபெயர்ப்புப் பணியில் யான் கண்டது.

பேச்சு வழக்கில் 'சக்தி' என்னும் ஒரே சொல் விசையையும் ஆற்றலையும் குறிக்கிறது. ஐரோப்பியரும் இக்குழப்பத்திற்குத் தப்பவில்லை. ஆற்றல் அழியாமையைப் பற்றி 1847-இல் எழுதிய ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், விசையைக் குறிக்கும் 'கிராஃப்ட்' என்ற சொல்லையே தம் நூலின் தலைப்பில் இட்டார்.

விசை ஒரு பொருளுக்கு ஆற்றலை ஊட்டலாம்; அவ்விசை நீங்கியதும் ஆற்றலும் நீங்கிவிடுவதில்லை. 1977-இல் ஏவப்பெற்ற வாயேஜர் 1 கலத்தைக் காண்க. அதனை உந்திய ராக்கெட்டுகள் அன்றே ஓய்ந்தன. வழியிலிருந்த கோள்களின் ஈர்ப்பால் பெற்ற உதவியும் 1980-இல் முடிவுற்றது. கதிரவனின் மிக நுண்ணிய ஈர்ப்பு மட்டுமே எஞ்சியுள்ளது. அதுவும் வேகத்தைக் குறைப்பதேயன்றிக் கூட்டுவதன்று. எனினும், கதிரவனைக் கொண்டு கணித்தால், வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அக்கலத்தின் ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ 14 கோடி ஜூல் இயக்க ஆற்றலை உடையது.

உயர்த்தி வைத்த கல்லின் நிலையாற்றலோ புவியீர்ப்பு விசையைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டையும் உடன் கூறுதல் வேண்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எண்ணெய் எஞ்சினை நிறுத்தியதும் 'சக்தி போயிற்று' என எண்ணி, இன்னும் சுழலும் சக்கரத்தில் கை வைப்பவன் விரலை இழப்பான். ஆகவே வகுப்பறையிலும் வயல்வெளியிலும் விசையை விசை என்றும், ஆற்றலை ஆற்றல் என்றும் பிரித்து வழங்குவோமாக.