சம்பியன்ட றக்கெட் நமக்கு ஏன்?

அக்செல்சன் பிடிச்ச றக்கெட்டை வாங்கினால் அவரைப்போல ஸ்மாஷ் அடிக்கலாம் என்று நம்மட பெடியள் வீட்டில சண்டை பிடிச்சுக் காசு வாங்குகினம். நாங்கள் இதை ஏற்கமாட்டம். அஸ்ட்ரொக்ஸ் 100இசட்இசட்டுக்குத் தலைப்பாரம் கூட; தண்டு மிக விறைப்பு. அது வேகமாக வீசுகிற கைக்குச் செய்தது. மெதுவாக வீசினால் தண்டு வளையாது, அடியில் வேகமும் வராது. தோள்தான் நோகும்.

பொருத்தத்தை விலை சொல்லாது. 3யூ என்றால் 85–89 கிராம், 4யூ என்றால் 80–84. அந்த ஐந்து கிராம் மூன்றாவது செற்றில் கையில் தெரியும். ஸ்ட்ரிங்கை 28 இறாத்தலுக்கு இழுத்தால் ஷட்டில் சரியாகப் படுகிற இடம் சுருங்கும். பழகுறவருக்கு 20–23 போதும். கிறிப் தடித்தால் விரல்கள் வேலை செய்யாது. மேலே சுற்றியதைக் கழற்றிப் பாருங்கோ, செலவே இல்லை.

'நல்ல றக்கெட் இல்லை' என்று கோர்ட்டுக்கு வெளியே நிற்கிற தங்கச்சி, தம்பி, உள்ளுக்கு வாங்கோ. கையில் இருக்கிறதை வைத்து ஆடுங்கோ. புதுசு வாங்குற நாளில் முதலில் நாலு தரம் வீசிப் பாருங்கோ. பெட்டியில் இருக்கிற படத்துக்குக் காசு குடுக்காதேங்கோ.