ஆத்துக்கு யாருங்க பூட்டு போட்டது?

புனேக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. மழை ஓய்ஞ்சு தண்ணி கொஞ்சம் அடங்கினதும் சஹ்யாத்ரி இடுக்குகள்ல கயிறு கட்டி அருவி அருவியா இறங்குறதுதான் நம்ம ஞாயித்துக்கிழமைப் பொழப்பு. போன வாரம் நாலு அருவி இறங்கி கீழ வந்தா, ஊருக்குப் போற ஒத்தையடிப் பாதையில புதுசா முள்கம்பி, பூட்டு, ஒரு வாட்ச்மேன். "பிரைவேட் ப்ராப்பர்ட்டி, வந்த வழியே போ"ங்கறார்.

எப்படிங்க போறது? கயிறை உருவிட்டா திரும்ப மேல ஏற முடியாது. மலை உச்சியில மழை பெஞ்சா, இங்க வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துடும். வெளியேற இருக்கற ஒரே வழியைப் பூட்டினா அது எலிப்பொறிதான். ஒன்றரை மணி நேரம் கெஞ்சினப்புறம்தான் விட்டார்.

நிலம் அவங்களோடது, சரி. ஆனா 20 வருஷம் தடையில்லாம, உரிமையா நடந்த பாதைக்கு வழியுரிமை கேக்கலாம்னு 1882 ஈஸ்மென்ட் சட்டமே சொல்லுது. தலைமுறையா அங்க மாடு ஓட்டின ஊர்க்காரங்களும் இப்ப சுத்தித்தான் போறாங்க. அவங்க கோர்ட் செலவை யார் குடுப்பா?

நம்மாளுங்களும் யோக்கியம் இல்ல. பாட்டிலை உடைச்சுப் போட்டா யார்தான் விடுவாங்க? 2024 ஜூன் 30 அன்னிக்கு லோனாவாலா பூஷி அணை பக்கம் ஒரே குடும்பத்துல அஞ்சு பேரை வெள்ளம் கொண்டுபோச்சு. அந்த பயமும் நியாயம்தான்.

தடுக்கணும்னா பஞ்சாயத்தோட பேசி மேலயே தடுங்க. பேர் எழுதுங்க, காசு வாங்குங்க, மழை நாள்ல விடாதீங்க. கீழ் கேட்டை மட்டும் திறந்து வைங்க. தண்ணிக்குத் தப்பிக் கரையேறறவன்கிட்ட பட்டா கேக்காதீங்க சாமி!