மேய்க்கிறவங்களுக்கும் ஒரு நாற்காலி

(சிவில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதைதான் கேட்கிறார் என்று பயந்துவிட்டேன். எனக்குக் கவிதை வராது. பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி முன்னுரை, பொருளுரை, முடிவுரை போட்டு எழுதவும் மனசு வரவில்லை. ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அது ஆடு பற்றியது. சிரிக்காதீர்கள்.

போன செமஸ்டரில் சர்வே பிராக்டிகல் முடிந்ததும், ஆர்வக்கோளாறில் எங்கள் ஊர் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஏரிக்குத் தெற்கே ஒரு பெரிய துண்டு நிலத்துக்கு நேராக 'மேய்க்கால் புறம்போக்கு' என்று போட்டிருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் பாதி சீமைக்கருவேல முள். மீதியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு வீடு, யாரோ ஒருத்தருடைய நெற்களம். புல் இருக்கிற இடம் நம்ம வாலிபால் கோர்ட் அளவுக்குத்தான் தேறும். படத்தில் மேய்ச்சல் நிலம் இருக்கிறது, தரையில் இல்லை!

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. ஊரில் அம்மாவும் ஆடுகளும். 2011-ல் தமிழக அரசு விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஏழு லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடு என்பது இலக்கு. நான் ஒண்ணாம் கிளாஸ் படிக்கும்போது எங்க அம்மாவுக்கும் நாலு கிடைத்தது. அந்த நாலும் பெருகித்தான் இன்றைக்கு நான் உங்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அட்மிஷன் பணம், டிராயிங் போர்டு, பஸ் செலவு எல்லாமே செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் கைமாறிய கிடாய்கள். அதனால் சந்தைப் பக்கம் போகிறபோது மூக்கைப் பொத்திக்கொள்ளும் நண்பர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அது கிடக்கட்டும்.

ஆட்டைக் கொடுத்தார்கள், நன்றி. அந்த ஆடு எங்கே மேயும் என்று மேய்க்கிற யாரையாவது கேட்டார்களா? கேட்க வேண்டுமென்றால் எந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நூலகத்திலும் செல்போனிலும் தேடினேன். மலை, கரடு, காடு, அதை ஒட்டிய புல்தரை இவற்றைப் பாதுகாப்பது பற்றி மாநில அளவில் அரசுக்கு ஆலோசனை சொல்ல, சட்டப்படி ஒரு சபை இருக்கிறது. மாநில வனவிலங்கு வாரியம் என்று பெயர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, அதில் யார் யார் உட்கார வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது.

முதலமைச்சர் தலைவர். வனத்துறை அமைச்சர் துணைத் தலைவர். சட்டமன்ற உறுப்பினர்கள் மூன்று பேர். தொண்டு நிறுவனங்களிலிருந்து மூன்று பேர். இயற்கை ஆர்வலர்கள், சூழலியல் அறிஞர்கள் பத்துப் பேர், அதில் குறைந்தது இரண்டு பேர் பழங்குடியினர். அப்புறம் அதிகாரிகள். ஐ.ஜி. பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி, பிரிகேடியருக்குக் குறையாத ராணுவ அதிகாரி, சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர், கால்நடைத் துறை இயக்குநர், மீன்வளத் துறை இயக்குநர் என்று பட்டியல் நீள்கிறது. இரண்டு தடவை விரல் விட்டுப் படித்தேன். ஆடு மாடு மேய்க்கிறவர் என்று ஒரு வரி இல்லை.

பழங்குடியினருக்கு இடம் வைத்தது மிகச் சரி. இரண்டு போதாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் காட்டோரத்தில் மேய்ப்பவர்கள் எல்லோரும் பழங்குடியினர் அல்ல. கால்நடைத் துறை இயக்குநர் இருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு ஆட்டின் வியாதி தெரியும், தடுப்பூசி தெரியும். எந்தக் கரட்டில் எந்த மாசம் எந்தப் புல் முளைக்கும் என்பது எங்க அம்மாவுக்குத்தான் தெரியும். கொழுக்கட்டைப் புல் விதை உதிர்க்கிற வரைக்கும் அந்தப் பக்கம் ஓட்டக் கூடாது, இளம் சோளப் பயிரில் வாய் வைத்தால் ஆடு நுரை தள்ளிச் செத்துப் போகும், ஒரு இடத்தில் மேய்ந்தால் பதினைந்து நாளைக்கு அங்கே திரும்பக் கூடாது. இதெல்லாம் அம்மா ஐந்தாம் வகுப்பில் படித்ததில்லை, பின்னாலேயே நடந்து கற்றது.

நாற்காலி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைப்பவர்களுக்கு ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையைக் காட்டுகிறேன். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மாடு அந்த மலைக்கே உரியது. காட்டுக்குள் பட்டி போட்டு, அங்கேயே மேய்த்து வளர்ப்பது அந்த மக்களின் வழக்கம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழகக் காடுகள் எதிலும் கால்நடை மேய்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மலைமக்கள் பதறிப் போனார்கள். அந்த மாதமே உத்தரவு திருத்தப்பட்டு, தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்றானது. அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். 2024 ஜனவரியில் அந்தப் பகுதிக் காட்டைச் சேர்த்து, எண்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல், தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. சரணாலயம் என்றால் தடை! பர்கூர்க்காரர்கள் மறுபடி மனுவைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று.

சரணாலயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புலிக்கும் யானைக்கும் இடம் வேண்டும். ஆனால் எந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கலாம் என்று அரசுக்கு ஆலோசனை சொல்வது இதே வாரியத்தின் வேலை. 8-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பழங்குடியினர் மற்றும் காட்டில் வாழும் பிறரின் தேவைகளையும் வனவிலங்குப் பாதுகாப்பையும் இசைவாகக் கொண்டுபோக வழி சொல்வதும் அதே வாரியத்தின் கடமை. அந்தப் 'பிறர்' மேசைக்கு இந்தப் பக்கம் இல்லாமல் எப்படி இசைவு வரும்? முடிவெடுத்த பிறகு மனு வாங்குவதும், முடிவெடுக்கும்போதே கேட்பதும் ஒன்றா?

ஹாஸ்டல் நண்பர்களுக்கு இது உடனே புரியும். நம்ம மெஸ் கமிட்டியில் சாப்பிடுகிற பையன்கள் இல்லாத காலத்தில் ரசம் எப்படி இருந்தது என்று சீனியர்களைக் கேளுங்கள். இப்போதும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புழு கிடந்தால் அன்றைக்கே கேட்க ஒரு ஆள் இருக்கிறான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் சூழலியல் பேராசிரியரிடமே கேட்டேன். "ஆடு விட்ட காடு விளங்குமாம்மா? நுனிக் கொழுந்தைக் கடிச்சா மரம் எப்படி வரும்? மேய்க்கிறவங்களை உட்கார வெச்சா இன்னும் காடு குடுன்னுதான் கேப்பாங்க" என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி மேய்ந்த தரை கட்டாந்தரையாகிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். உலக நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மேய்ச்சல் வெளிதான் என்றும், அதில் பாதி வரை சீரழிந்து கிடக்கிறது என்றும் ஐ.நா.வின் பாலைவனமாதல் தடுப்பு அமைப்பு 2024-ல் அறிக்கை கொடுத்தது. ஆனால் யோசியுங்கள். ஊர் மேய்க்கால் முள்ளாகவும் வீடாகவும் போனால், அங்கே மேய்ந்த ஆடு எங்கே போகும்? காட்டு ஓரத்துக்குத்தான் போகும். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கத் திட்டம் போடுங்கள் என்று 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அதைச் செய்யாமல் ஆட்டை மட்டும் குற்றம் சொல்வது என்ன நியாயம்? பேசும் இடம் கொடுத்தால் பொறுப்பும் சேர்ந்து வரும். இந்த மூன்று மாசம் இந்தக் கரடு அடைப்பு என்று எங்க அம்மா மாதிரி ஆட்கள் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட முடிவென்றால், அடுத்தவன் ஆட்டை அவர்களே திருப்பி ஓட்டுவார்கள். கார்டு ஒருத்தர் எத்தனை மலையைச் சுற்றுவார்?

அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு வறண்ட மாநிலம். அங்கே சேஜ் புதர்வெளியையும் அதில் வாழும் ஒரு பறவையையும் காக்க 2013-ல் சட்டம் போட்டு மாநிலக் குழு அமைத்தார்கள். கால்நடை வளர்ப்போருக்கு, விவசாயத்துக்கு, சுரங்கத் தொழிலுக்கு, பூர்வகுடிகளுக்கு, இயற்கை ஆர்வலர்களுக்கு என்று தனித்தனியாக இடம் ஒதுக்கினார்கள். ஒருவருக்கொருவர் ஆகாதவர்களை ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே கால்நடை வளர்ப்பவர் என்றால் பெரும்பாலும் பெரிய பண்ணை முதலாளி. நம்ம ஊரில் காலில் செருப்பில்லாமல் நடக்கிற ஆள். அப்படியே காப்பியடிக்க முடியாதுதான். யாருக்கு எந்த இடம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள் பாருங்கள், அதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாளைக்கே நம்ம பக்கமலைக் காட்டைப் பற்றி ஒரு முடிவு சென்னையில் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான். வாரியத்தில் மேய்ப்பவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். மேலிருந்து யாரையோ நியமிக்காமல், காட்டோர கிராம சபைகள் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும். கூட்டத்தின் தாள்கள் தமிழில் பத்து நாள் முன்னால் கைக்கு வர வேண்டும். பஸ் செலவு மட்டும் போதாது, அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தோன்றவில்லை, அம்மா சொன்னது. "உன்னைக் கூப்பிட்டா போவியாம்மா?" என்று கேட்டேன். "போவலாம். அன்னிக்கு ஆட்டை யாரு பாக்கறது, உங்க வாத்தியாரா?" என்றது.

நம்ம கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம்ம செஞ்சி ஒன்றுதான். வெடி போட்டோம், இனிப்பு கொடுத்தோம். அந்தக் கோட்டையை முதலில் கட்டியது யார் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், மலையில் ஆடு மேய்த்த ஆனந்தக் கோன் என்பார்கள். புதையல் கிடைத்து ராஜா ஆனாராம். அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் பெயரால்தான் கிருஷ்ணகிரி. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-ல் எழுதிய செஞ்சி வரலாற்றிலும் இந்தக் கோன்கள் வருகிறார்கள். கதையோ நிஜமோ, இந்த ஊரே ஆடு மேய்த்தவர் பெயரைச் சொல்லித்தான் தன் பழம்பெருமையைத் தொடங்குகிறது. ஐ.நா. சபையும் 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான சர்வதேச ஆண்டு என்று அறிவித்திருக்கிறது.

சென்னை வாரியம் தூரம். அதனால் முதலில் ஊரில் ஆரம்பிப்போம் என்று, கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதினேன். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு. எங்கள் ஊராட்சிக் குழுவில் ஆடு மேய்ப்பவர் ஒருவரைச் சேர்க்க வேண்டும், மேய்க்காலை அளந்து கல் நட வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. புலப்படத்தையும் நானே வரைந்து இணைத்தேன் (ஸ்கேல் சரியாகத்தான் போட்டேன், சார் படித்தால் மார்க் தரலாம்).

அம்மா பெயரில்தான் மனு. படித்துக் காட்டச் சொன்னது. பெயர், வயது, ஊர் எல்லாம் படித்துவிட்டு, தொழில் இல்லத்தரசி என்று படித்தேன்.

"அது என்னாடி இல்லத்தரசி?"

"வீட்டைப் பாத்துக்கறவங்கன்னு அர்த்தம்மா. பள்ளிக்கூடத்துல இருந்து எல்லா ஃபாரத்துலயும் அப்படித்தான் எழுதறேன்."

"நான் என்னிக்குடி வூட்ல இருந்தேன்? காலையில எட்டு மணிக்குப் போனா பொழுது சாய வரேன். ஆடு மேய்க்கறேன்னு எழுது."

அடித்துவிட்டு எழுதினேன். கட்டத்துக்குள் இடம் போதவில்லை. ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறேன்.