‘எலிக்கு எதுக்குடி சட்டை?’ - அம்மாவையும் பேச வைத்த படக்கதைகள்!

கோவையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார் அந்த வாசகி. வயது 34. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் கிடைக்கும். அவருடைய வாசிப்பெல்லாம் அதற்குள்தான். “பேர் போடாதீங்க. அம்மாவைப் பத்தியும் பேசுவேன், பார்த்தா திட்டுவாங்க” என்ற நிபந்தனையோடுதான் பேச ஆரம்பித்தார்.

கடந்த ஆறு மாதங்களில் அவர் படித்ததில் பாதிக்கு மேல் கிராஃபிக் நாவல்கள். இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்த வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காமிக்ஸேதான். ஆனால், நாவல் அளவுக்கு நீளம். சொல்வதும் பெரும்பாலும் பெரியவர்களின் கதை.

தொடங்கியது ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மௌஸ்’. நாஜிக்களின் வதைமுகாமில் உயிர் தப்பிய தன் அப்பா விளாடெக்கை, அமெரிக்காவில் வளர்ந்த மகன் உட்காரவைத்துப் பேட்டி எடுக்கிறார். யூதர்களுக்கு எலி முகம், ஜெர்மானியர்களுக்குப் பூனை முகம். 1986, 1991 என இரண்டு பாகங்களாக வந்து, 1992-ல் சிறப்பு புலிட்சர் விருது வாங்கியது. “என் இங்கிலீஷ் சுமார்தான். ஆனா, அந்த அப்பா பேசுறதே உடைஞ்ச இங்கிலீஷ். அதனால எனக்குத் தோதா இருந்துச்சு” என்று சிரிக்கிறார்.

முகாம் காட்சிகளைவிட அவரைப் பிடித்துக்கொண்டது அந்த அப்பாவின் கஞ்சத்தனம். தெருவில் கிடக்கும் ஒயரைப் பொறுக்கி வைக்கிறார். பாதி தின்ற உணவுப் பொட்டலத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கிறார். அத்தனை கொடுமைகளை அனுபவித்தவர், காரில் ஏறிய ஒரு கறுப்பின மனிதரைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார். “கஷ்டப்பட்டவங்க எல்லாம் தங்கமான மனுஷங்களா மாறிடுவாங்கன்னு சினிமாவுல காட்டுவாங்க. இந்த மகன் அப்படிக் காட்டலை. அதனாலதான் நம்பினேன்” என்கிறார்.

ஒரு குறையும் சொல்கிறார். போலந்துக்காரர்களுக்குப் பன்றி முகம் போட்டிருக்கிறார் ஸ்பீகல்மேன். ஒளித்துவைத்துக் காப்பாற்றியவருக்கும் அதே முகம், காட்டிக்கொடுத்தவருக்கும் அதே முகம். “ஒரு ஊருக்கே ஒரு மூஞ்சியா?” என்று கேட்கிறார். புத்தகம் வந்த நாளிலிருந்தே பலர் எழுப்பிவரும் கேள்விதான். அதை யாரும் சொல்லாமல் அவரே கண்டுபிடித்திருக்கிறார்.

முதல் பாகத்தின் முடிவில் ஓர் இடம். இறந்துபோன அம்மா எழுதிவைத்த டைரிகளை மகன் தேடுகிறார். மனைவி இறந்த துக்கத்தில் அவற்றைக் கொளுத்திவிட்டதாகச் சொல்கிறார் அப்பா. மகன் அவரைக் கொலைகாரன் என்கிறார். இந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்த வாசகி, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பந்தலூர் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்திருக்கிறார். “சும்மாதான்மா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் அம்மா இலங்கையில், அட்டன் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு தலையாக, 1974-ல், ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர் அம்மா. மண்டபம் முகாம், பிறகு நீலகிரி, அரசு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை. மகளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ‘சிலோன்காரங்க’ என்று ஊரில் சொல்வது மட்டும் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்திருக்கிறது.

‘மௌஸ்’ படித்து முடித்த வாரம் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அம்மா வாயே திறக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏன்டி, எலிக்கு எதுக்குச் சட்டை போட்டுவிட்டிருக்கான்?” என்று கேட்டதோடு சரி. மகள் கதையைச் சொல்லச் சொல்ல, மூன்றாவது முறை போனபோது அம்மாவிடமிருந்து வந்த முதல் வார்த்தை, ‘அழுகைக் கோச்சி’. கோச்சி என்றால் மலையகப் பேச்சில் ரயில். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ரயிலுக்கு ஊரே வைத்த பெயர். கல்யாணம் ஆகியிருந்த அக்கா, பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார். அவர் புருஷன் வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு மனு போட்டிருந்தார்கள்.

அக்காவிடமிருந்து வந்த நான்கு கடிதங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. “நான் போனதுக்கப்புறம் படிச்சுக்க” என்று சொல்லிவிட்டாராம்.

சரி, மற்ற புத்தகங்கள்?

மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ தமிழில் ‘ஈரான்’ என்ற பெயரிலேயே கிடைக்கிறது. 1979 புரட்சிக்குப் பிறகான டெஹ்ரானில் ஒரு சிறுமி வளரும் கதை. மகளுக்காகப் பாப் பாடகர்களின் போஸ்டரை அப்பாவின் கோட்டுக்குள் வைத்துத் தைத்து, எல்லை தாண்டி எடுத்து வருகிறார் அம்மா. இந்த இடத்தில் பஸ்ஸிலேயே சத்தமாகச் சிரித்திருக்கிறார். போருக்குப் போகும் ஏழைப் பையன்களிடம் ‘சொர்க்கத்தின் சாவி’ என்று பிளாஸ்டிக் சாவியைக் கொடுக்கும் இடத்தில் சிரிப்பு நின்றுபோனது. வியன்னா பகுதி மட்டும் அவருக்கு இழுவை. “அவங்க வசதியான வீட்டுப் பொண்ணு. வேலைக்காரம்மா பையனுக்குத்தான் அந்தச் சாவி கிடைச்சுது. அந்தம்மா கதையை யாரு வரையுறது?” என்று கேட்கிறார். வியன்னாவில் தனியாகத் தெருவில் தூங்கிய பெண்ணுக்கு இது கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான்.

‘பீமாயணா’ பற்றிக் கேட்டால் குரலே மாறுகிறது. அம்பேத்கரின் வாழ்க்கையை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியத் தம்பதி வரைந்திருக்கிறார்கள். 2011-ல் வந்தது. கட்டம் கட்டமாகப் பிரிக்காத பக்கங்கள். அன்பான பேச்சு பறவை வடிவக் குமிழில் வரும். விஷப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு வால். “எழுத்தே தெரியாதவங்ககிட்டகூட கொடுக்கலாம். யாரு கொட்டுறாங்கன்னு படத்துலயே தெரிஞ்சுடும்” என்கிறார். அம்மாவும் முழுசாகப் பார்த்த ஒரே படப்புத்தகம் இதுதான்.

‘வன்னி’யைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஐ.நா. பணியில் வன்னியில் இருந்துவிட்டு, 2008-ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே பொலக் வரைந்தது. உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களை வைத்து ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையாகப் பின்னியிருக்கிறார்கள். சுனாமி வரை படித்தவர், போர்ப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். “நல்லா இல்லைன்னு அர்த்தமில்லை. பஸ்ல படிக்க முடியாது.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியாக வாங்கியதில் படம் கிடையாது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதி, இரா.முருகவேள் தமிழில் தந்த ‘எரியும் பனிக்காடு’. பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படையான நாவல். இதை முதலில் படித்தது மகள் இல்லை, அம்மா. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவர், கண்ணாடி போட்டுக்கொண்டு நாளுக்கு இரண்டு பக்கம் படிக்கிறார். படித்த அன்றே மகளுக்கு போன் வருகிறது. கங்காணி வரும் இடங்களில் அந்த டாக்டர் எழுதியது போதாதாம். அவர் அப்பா சொன்னது இதைவிட மோசமாம். “அதை நோட்டுல எழுதிக்க” என்று அம்மாவே சொல்கிறார்.

நோட்டில் 31 பக்கம் ஆகியிருக்கிறது. பெட்டியில் இருக்கும் கடிதங்களைப் பற்றி மகள் மறுபடி கேட்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ‘மௌஸ்’ இரண்டாம் பாகத்தையும் எடுத்துப் போகிறார்.