மாமாவைப் பயமுறுத்திய வரைபடம்

ஸ்காபரோவில் ரியல் எஸ்டேட் ஏஜென்டாக இருக்கும் என் அக்கா, மாதம் ஒருமுறை வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்திமடல் அனுப்புவார். "நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே, இந்தக் கணக்குகளை வடிவாக் கீறித் தா" என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

கணக்கு கொஞ்சநஞ்சம் இல்லை. ரொறொன்ரோ பிராந்திய ரியல் எஸ்டேட் சபை மாதாமாதம் வெளியிடும் 'மார்க்கெட் வாட்ச்' அறிக்கையில் பக்கம் பக்கமாக அட்டவணைகள். எத்தனை வீடு விற்றது, எத்தனை புதிதாகச் சந்தைக்கு வந்தது, சராசரி விலை என்ன, விற்க எத்தனை நாள் எடுத்தது என்று எல்லாம் இருக்கும். தனி வீடு, டவுன்ஹவுஸ், கொண்டோ என்று பிரித்து, ஊர் ஊராகவும் போட்டிருப்பார்கள். அதை அப்படியே அனுப்பினால் யார் படிப்பார்கள்?

2024 மார்ச்சில் சுருக்கமாக மூன்றே மூன்று தூண்கள் கீறினேன். ரொறொன்ரோ பெரும்பாகத்தின் பெப்ரவரி மாதச் சராசரி விலை: 2022இல் சுமார் 13.3 லட்சம் டொலர், 2023இல் 11 லட்சம், 2024இல் 11.1 லட்சம். வித்தியாசம் நன்றாகத் தெரியட்டும் என்று இடப்பக்க அளவுகோலைப் பத்து லட்சத்தில் தொடங்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் அக்காவின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் எடுத்தார். நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர். வீட்டை விற்றுவிட்டு ஏஜாக்ஸில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வாங்க நினைத்திருந்தார்.

"தம்பி, விலை மூண்டில ஒண்டாப் போச்சுதே? இனி வித்து என்ன பிரயோசனம்?"

தூணின் தலையில் எண் எழுதித்தான் இருந்தது. ஆனால் கண் முதலில் பார்ப்பது உயரத்தை. பத்துக்கு மேலே 3.3, 1.1 என்று நின்றால் மூன்றில் ஒன்றாகத்தானே தெரியும்? உண்மையில் விழுந்தது 17 வீதம் அளவில். எண்கள் எல்லாம் சரி, படம்தான் பொய் சொன்னது. அந்தப் பொய் என்னுடையது.

திருத்திக் கீற உட்கார்ந்தபோது அக்கா ஒரு யோசனை சொன்னார். "2022ஐ விட்டிட்டு 2023இல இருந்து கீறன். ஏறுற மாதிரித் தெரியும். எனக்கும் வீடு விக்கோணுமெல்லோ?"

அதுவும் பொய்யில்லைதான். ஆனால் உச்சத்தை மறைத்த படத்தைப் பார்த்துக் கடன் எடுக்கப்போவதும் நம்மாட்களே. நான் மறுத்தேன். மூன்று தூண்களையும் பூச்சியத்தில் தொடங்கி, கீழே காரணத்தையும் இரண்டு வரியில் எழுதினேன்: 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5 வீதம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அனுப்பு" என்றார்.

அதற்குப் பிறகு சில விஷயங்களைப் பழக்கமாக்கிக்கொண்டேன். கீறுவதற்கு முன், படம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஒரு வரியில் எழுதுவேன், அதுவே தலைப்பு. இரண்டு கேள்வி என்றால் இரண்டு படம். வசந்தகாலச் சந்தை வேறு, குளிர்காலச் சந்தை வேறு. ஆகவே பெப்ரவரியைப் பெப்ரவரியோடுதான் ஒப்பிடுவேன். ஒரு மாதம் கொண்டோ குறைவாகவும் தனி வீடு அதிகமாகவும் விற்றால், எவருடைய வீட்டு விலையும் ஏறாமலே சராசரி ஏறிவிடும். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுவேன். பெரும்பாலானோர் போனில் பார்ப்பதால், கோட்டின் நுனியிலேயே அதன் பெயரை எழுதிவிடுவேன்.

புதுப் படத்தைப் பார்த்த மாமா திரும்ப அழைத்தார். "எல்லாம் சரி தம்பி, என்ர மாதிரி வீடு எங்கட பக்கத்தில என்ன விலைக்குப் போகுது?"

அதற்குச் செய்திமடலில் பதில் இல்லை. அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விவரத்தோடு அக்கா அன்று பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனார்.

உங்கள் மின்னஞ்சலுக்கும் இப்படிப் படங்கள் வரும். தூண்களைப் பார்க்க முதல், இடப்பக்கம் அடியில் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று ஒருக்கால் பாருங்கள்.