கண்டிக்கு எத்தனை பைட்?

கண்டி அச்சகங்களில் தமிழ் தட்டச்சு செய்பவர்கள் பலருக்கு இன்றும் பாமினி எழுத்துருதான் கைப்பழக்கம். திரையில் ‘கண்டி’ என்று தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளான எஃப், இசட், பிறகு ஓர் அரைப்புள்ளி, கடைசியில் பி. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் அந்த நான்கு குறிகளே எஞ்சும். தமிழ் காணாமல் போகும்.

கணினி எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 1963இல் வந்த ஆஸ்கி முறையில் இருந்தவை 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு அதில் ஓர் இடமும் இல்லை. எனவே ஆங்கில எண்களின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றினார்கள், ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக. அந்தக் காலத்துக்கு அது நல்ல தீர்வு. அதனால்தான் தமிழ் கணினியில் அச்சேறியது.

1991இல் யூனிகோட் என்ற குறியீட்டு முறை தமிழுக்கென்றே தனி எண்களைத் தந்தது. ‘க’வின் எண் 2965. பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 149 என மூன்று பைட்டுகளாகிறது. ‘கண்டி’யில் க, ண, புள்ளி, ட, இகரக் குறி என ஐந்து குறிகள், ஆகவே 15 பைட். பாமினியில் நான்குதான்.

யூனிகோட் இடத்தை அடைக்கிறது என்ற பழைய முறைப்பாட்டுக்கு இன்று பொருளில்லை. மூன்று மெகாபைட் அளவுள்ள ஒரு கைபேசிப் படத்தின் இடத்தில் ‘கண்டி’யை இரண்டு லட்சம் தடவை எழுதலாம். குறுஞ்செய்தியில் மட்டும் பாரம் உண்மையானது. ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலமானால் 160 எழுத்து, தமிழோ சிங்களமோ கலந்தால் 70 குறிகள்தான். ஒரே தகவலுக்குத் தாய்மொழியில் எழுதுபவர் கூடுதல் கட்டணம் செலுத்துவது நியாயமில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதைத் திருத்த வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஆவணங்களில் நேர்கிறது. கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை, நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்ட மக்களின் பெயர்ப் பட்டியல் பாமினியில் இருந்தால், யூனிகோடில் ஒரு பெயரைத் தட்டித் தேடுபவருக்கு அது அகப்படாது. பெயர் பட்டியலில் இருக்கும். கணினியோ ‘இல்லை’ என்று சொல்லும். தமிழ் ஆட்சிமொழியாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு தமிழ்ப் பெயர் இப்படித் தொலைவதை ஏற்க முடியாது. இலங்கைத் தர நிர்ணய நிறுவனம் யூனிகோடை ஒட்டித் தமிழுக்கான தரத்தை 2008இலேயே வெளியிட்டுவிட்டது. கண்டி மாவட்டச் செயலகம் முதல் பாடசாலைகள் வரை, புதிய தமிழ் ஆவணம் எதுவும் இனி யூனிகோடில்தான் பிறக்க வேண்டும்.

பழைய கோப்புகளை மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். ‘தோட்டம்’ என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டு எண்களாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் சமமாகக் கொள்ளும்படி யூனிகோட் விதி இருந்தாலும், அதைப் பின்பற்றாத மென்பொருளில் ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றது அகப்படாது.

தட்டச்சு செய்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பாமினி விசைகளையே அழுத்தி யூனிகோட் எழுத்தைப் பெறும் மென்பொருள்கள் உண்டு. பல ஆண்டு பழகிய விரல்கள் புதிதாக எதையும் கற்க வேண்டாம். அலுவலகக் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவினால் போதும்.